இங்கன இரி, அது போதும்

திங்கள், புதன், வெள்ளி. இந்த மூன்று கிழமைகளிலும் அதிகாலை 4 மணிக்கே எங்கள் வீட்டில் விளக்கு எரியும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பால்காரர் வருவதற்கு முன்னால் ஆட்டோ வந்து நிற்கும். ஆஸ்பத்திரியில் 6 மணிக்கு முதல் ஷிப்ட். போனதும் எடை பார்ப்பார்கள். போன தடவைக்குப் பிறகு உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்பது அதில்தான் தெரியும். இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்துத் தைத்த இடத்தை ஃபிஸ்டுலா என்பார்கள். அங்கே இரண்டு தடித்த ஊசிகளைக் குத்துவார்கள். ஓர் ஊசி வழியாக இரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, மற்ற ஊசி வழியாகத் திரும்பி வரும். ஒரு தடவைக்கு 4 மணி நேரம். என் கணவருக்கு இப்படி 4 வருஷம் டயாலிசிஸ் நடந்தது. கணக்குப் போட்டால் 600 தடவைக்கு மேல் வரும். அத்தனை தடவையும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆரம்பத்தில் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. 31 வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். கை எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். போர்வையை இழுத்து விடுவேன். பேப்பர் வாசித்துக் காட்டுவேன். "வலிக்கா? குளிருதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "ஏளா, நீ ஒண்ணும் செய்யாண்டாம். இங்கன இரி, அது போதும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் செய்வதெல்லாம் இவருக்குத் தொந்தரவாக இருக்கிறதோ என்று நினைத்தேன். அவர் சொன்னதை உள்ளபடி விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. கிறிஸ்தவர்களாகிய நாங்கள் நல்லதிலும் கெட்டதிலும் 'ஆண்டவர் கூட இருக்கிறார்' என்று சொல்கிறோம். சாவு வீட்டில் சொல்கிறோம், பிள்ளை பரீட்சைக்குப் போகும்போதும் சொல்கிறோம். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த அந்த வார்த்தையின் கனத்தை நான் தெரிந்துகொண்டது அந்த நாற்காலியில்தான்.

மேலப்பாளையத்து அம்மா கேட்ட கேள்வி

அடுத்த கட்டிலில் ஒரு வாலிபப் பையன். அவன் தாய் மேலப்பாளையத்திலிருந்து வருவார். இரண்டு பேருக்கும் ஒரே கிழமை, ஒரே ஷிப்ட். அவர் ஃபிளாஸ்கில் தேயிலை கொண்டுவருவார், நான் பன் வாங்கி வருவேன். ஒருநாள் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தை வாசித்து மடியில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதிய. ஆண்டவர் கூடவே இருக்காருன்னு நீங்க சொல்லுதிய. நாங்களும் அல்லா பக்கத்துலதான் இருக்கான்னு சொல்லுதோம். கூட இருந்தா, பெறவு எதுக்கு இந்தப் பிள்ளைக்கு இம்புட்டுக் கஷ்டம்?"

மகனுடைய கையைத் தடவிக்கொண்டே கேட்டார். வாதத்துக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. "தெரியலம்மா" என்றேன். அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

பதில் தெரியும் என்று நினைத்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததுண்டு. ஜெபக்கூட்டத்தில் பழகிய ஒருவர், எங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்றார். மறைத்து வைத்த பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கை செய்யுங்கள், சிறுநீரகம் புதிதாகும் என்றார். நல்ல எண்ணத்தில் வந்தவர்தான். ஆனால் அவர் போன பிறகு என் கணவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

வேதாகமத்தில் வரும் யோபுவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சொத்தையும் பிள்ளைகளையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதர். அவரைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். அவருடைய துக்கம் பெரியது என்று கண்டு 7 நாளும் 7 இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். பிறகுதான் வாயைத் திறந்து, நீ ஏதோ தப்புச் செய்திருக்கிறாய் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த விளக்கங்களைத்தான். பேசாமல் கூட இருந்த அந்த 7 நாள்தான் அவர்கள் யோபுவுக்குச் செய்த உபகாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இம்மானுவேல் என்ற பெயர்

கிறிஸ்துமஸ் காலத்தில் இம்மானுவேல் என்ற பெயர் எல்லார் காதிலும் விழும். எபிரெய மொழியில் 'கடவுள் நம்மோடு' என்று பொருள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டு ராஜாக்கள் படையெடுத்து வருகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்த ஆகாஸ் அரசனிடம் ஏசாயா தீர்க்கதரிசி சொன்ன பெயர் அது. பயத்தின் நடுவில் பிறந்த பெயர். மத்தேயு தன் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் அந்தப் பெயரை இயேசுவுக்கு உரியதாகச் சொல்கிறார். அதே புத்தகம் முடியும்போது, உலகத்தின் முடிவுவரைக்கும் உங்களோடு இருப்பேன் என்று இயேசு சீஷர்களுக்கு வாக்குக் கொடுக்கிறார். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே செய்தி: கூட இருக்கிறேன்.

இந்த வாக்குத்தத்தத்தில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். 'உனக்கு ஒன்றும் வராது' என்று அதில் இல்லை. யோசேப்பின் கதையில் ஒரு பகுதி ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தில் வருகிறது. சொந்த அண்ணன்மாரே விற்றுப்போட, எகிப்தில் அடிமையாகி, செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போகிறார். அந்த ஒரே அதிகாரத்தில் கர்த்தர் அவரோடு இருந்தார் என்பது 4 தடவை வருகிறது. இரண்டு தடவை எஜமான் வீட்டில், இரண்டு தடவை சிறைச்சாலையில். கர்த்தர் கூட இருந்தும் சிறைக் கதவு உடனே திறக்கவில்லை. உதவி பெற்றுக்கொண்டு வெளியே போன சக கைதி மறந்துவிட, அதற்குப் பிறகும் முழுசாக 2 வருஷம் உள்ளே கிடந்தார்.

ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பல வர்ண அங்கியையும் முடிவில் கிடைத்த மந்திரிப் பதவியையும் விரித்துச் சொல்வேன். நடுவிலே கிடந்த அந்த 2 வருஷத்தைக் கடந்து போய்விடுவேன். டயாலிசிஸ் அறையில் உட்கார்ந்து வாசித்தபோது அந்த 2 வருஷம்தான் கண்ணில் பட்டது.

'அவர்' எப்போது 'நீர்' ஆனார்?

சாத்தான்குளம் பக்கத்தில் தேரிக் காட்டை ஒட்டிய சின்னக் கிராமம் என் ஊர். கோயில் திண்ணையில் உபதேசியார் எங்களை வரிசையாக உட்கார வைத்து 23ஆம் சங்கீதத்தை மனப்பாடம் பண்ண வைத்தார். கடவுளை மேய்ப்பராகப் பாடும் சங்கீதம். மொத்தம் 6 வசனம். ஒரு சொல் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்படி நாக்கில் ஏறியதால்தான் 60 வருஷம் கழித்தும் தடங்கலில்லாமல் வந்தது.

இரண்டாம் வருஷம் ஒரு புதன்கிழமை. டயாலிசிஸ் நடக்கும்போதே என் கணவருக்குப் பிரஷர் திடீரென்று இறங்கிவிட்டது. முகம் வெளுத்து, கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. நர்ஸ் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி, சலைன் ஏற்றினார். நான் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், அந்தச் சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். நான்காம் வசனத்துக்கு வந்தபோது முதன்முதலாக ஒன்று உறைத்தது.

முதல் 3 வசனத்திலும் தாவீது கடவுளை 'அவர்' என்கிறார். புல்லுள்ள இடமும் அமர்ந்த தண்ணீரும் இருக்கிற வரைக்கும் அவர் இதைச் செய்கிறார், அதைச் செய்கிறார் என்று பேசுகிறார். மரண இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் கால் வைத்ததும் பேச்சு மாறிவிடுகிறது. 'தேவரீர்', 'நீர்' என்று நேருக்கு நேர் பேசத் தொடங்குகிறார். இங்கே இல்லாதவரைத்தான் 'அவர்' என்போம். எதிரே நிற்பவரை 'நீர்' என்போம். வெளிச்சத்தில் கடவுளைப் பற்றிப் பேசியவர், இருட்டில் கடவுளோடு பேசுகிறார். எங்கள் பக்கத்தில் கணவரை 'அவுக' என்போம். ஊராரிடம் பேசும்போது 'அவுக'. அந்தக் கட்டில் பக்கத்தில் என் கணவரிடம் நான் 'நீங்க' என்றுதான் பேசினேன். இந்த வித்தியாசம் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு நன்றாகவே புரியும்.

அரை மணி நேரத்தில் பிரஷர் ஏறியது. "சங்கீதத்த ஏன் பாதில நிப்பாட்டிட்ட?" என்று கேட்டார். மீதி இரண்டு வசனத்தையும் சொல்லி முடித்தேன்.

ஒரு லிட்டர் தண்ணீர்

டயாலிசிஸ்காரர்களின் பெரிய வேதனை வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அது தாகம். சிறுநீர் பிரியாத உடம்பில் குடிக்கிற நீரெல்லாம் அப்படியே தங்கும். காலில் வீங்கும், நுரையீரலில் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்துத்தான் ஒரு லிட்டர்.

காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைப்பேன். அவர் ஒரு டம்ளர் காபி குடித்தால், அதே டம்ளர் அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன். பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் அன்றைக்கு அவருக்கு. சித்திரை வெயிலில் மூன்று மணிக்கே பாட்டில் காலியாகிவிடும். பிறகு ஓர் ஐஸ் துண்டு, அல்லது வாய் கொப்பளித்துத் துப்ப ஒரு மடக்கு. பனங்காட்டில் வளர்ந்தவர் அவர். பதநீரும் நுங்கும் வாசல் வழியாக விற்றுக்கொண்டு போகும்போது உள்ளே எழுந்து போய்விடுவார். அவற்றில் நீர் மட்டும் இல்லை, பொட்டாசியமும் உண்டு. அது கூடினால் இதயத்துக்கு ஆபத்து. அவர் முன்னால் நான் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். அடுக்களையில் நின்று இரண்டு மடக்கு குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

தேற்றாங்கொட்டை

ஆறுதலுக்கு எங்கள் வேதாகமத்தில் அடிக்கடி வரும் சொல் 'தேற்றுதல்'. தான் சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு, இயேசு தன் சீஷர்களிடம், நான் போன பிறகு உங்களோடு என்றென்றும் இருக்கும்படி ஒருவர் வருவார் என்கிறார். பரிசுத்த ஆவியைக் குறித்த பேச்சு அது. கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல் பாராக்கிலேத்தோஸ். 'பக்கத்தில் இருக்கும்படி அழைக்கப்பட்டவர்' என்று பொருள். வழக்கு மன்றத்தில் ஒருவனுக்காகப் பக்கத்தில் நின்று பேசுகிறவருக்கும் அந்தச் சொல் பொருந்தும். எங்கள் பழைய தமிழ் வேதாகமம் 'தேற்றரவாளன்' என்று எழுதியது. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் 'துணையாளர்'. 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பரின் கோலும் தடியும் செய்வதாகச் சொல்லப்படுவதும் தேற்றுவதுதான்.

தேற்று என்றதும் எனக்கு என் ஆச்சியின் மண்பானைதான் ஞாபகம் வரும். மழைக்காலத்தில் குளத்துத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும். ஆச்சி ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்துப் பானையின் உட்பக்கம் நாலு சுற்று உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பாள். "தொடாதிய, அது தேறட்டும்" என்பாள். விடிந்து பார்த்தால் மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். உடம்பு தேறியது, பரீட்சையில் தேறினான் என்று நாம் சொல்லும் அதே தேறுதல்தான்.

பானைக்குள் இருந்த மண் எங்கேயும் போய்விடவில்லை, அடியில்தான் கிடக்கும். பானையை ஆட்டினால் மறுபடி கலங்கும். ஆனால் அந்தத் தண்ணீரை மொண்டு குடிக்கலாம், சோறு வடிக்கலாம், அன்றைய பாட்டைப் பார்க்கலாம். கடவுள் கொடுக்கும் ஆறுதலும் எனக்கு அப்படித்தான் வந்தது. துக்கம் அடியில் இருந்தது. அதற்கு மேலே ஒரு நாளைக்கு வேண்டிய தெளிவு இருந்தது.

டோனாவூரில் ஒரு படுக்கை அறை

பல வருஷத்துக்கு முன்னால், பெண்கள் சங்கத்தோடு டோனாவூர் போயிருந்தேன். களக்காட்டுப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். அயர்லாந்தில் 1867இல் பிறந்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் அங்கே இருந்து, கோயில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார். அவரைப் பற்றி எல்லாரும் சொல்வது இந்தத் தொண்டைத்தான். எனக்கு மனசில் நின்றது வேறு.

1931இல் அவர் ஒரு குழியில் தவறி விழுந்தார். காலில் முறிவு. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அந்த அறையிலும் படுக்கையிலுமாகவே கழிந்தது. ஓடியாடிக் குழந்தைகளைக் காப்பாற்றியவருக்கு எழுந்து நடக்க முடியாத 20 வருஷம். படுத்தபடியே எழுதினார். சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் தன் மனசில் ஒட்டவில்லை என்று உணர்ந்து, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாகவே ஒரு புத்தகத்தை எழுதினார்.

தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்தான் பொறித்திருக்கிறது. டயாலிசிஸ் அறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தொட்டி அடிக்கடி ஞாபகத்துக்கு வரும். குணமாகிவிட்டதால் கடவுளைப் போற்றியவர்களின் சாட்சி சபையில் நிறையக் கேட்டிருக்கிறேன். குணமாகாமலே 20 வருஷம் அவரைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் ஒருவர் எங்கள் ஜில்லாவிலேயே இருந்தார் என்பது எனக்கு அன்று பெரிய துணையாக இருந்தது.

அந்தத் துணை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கதை உண்டு. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், ஆங்கிலேயரான ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவியது. பனியனின் கதையில் ஓர் இடம் உண்டு. பயணி மரண நிழலின் பள்ளத்தாக்கில் கண் தெரியாத இருட்டில் தனியாகத் தடுமாறுகிறான். அப்போது முன்னால் எங்கேயோ ஒரு மனிதக் குரல், அதே பள்ளத்தாக்கைப் பற்றிய சங்கீத வசனத்தைச் சொல்லிக்கொண்டு போவது கேட்கிறது. ஆளைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அவனுக்குச் சந்தோஷம் வந்துவிடுகிறது. இந்த இருட்டில் தனக்கு முன்னாலும் ஒருவர் கடவுளோடு நடந்துபோகிறார். எனக்கு டோனாவூர் அம்மையாருடைய குரல் அப்படிக் கேட்டது.

விரலுக்கடியில் நின்ற அதிர்வு

ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்த்தால் விரலுக்கடியில் ஒரு அதிர்வு தெரியும். பூனை மடியில் படுத்துக் குர்ரென்று சத்தம் கொடுப்பது மாதிரி இருக்கும். அது இருந்தால்தான் இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். 4 வருஷமும் விடிந்ததும் என் முதல் வேலை அதுதான். ஓர் அக்டோபர் மாத ராத்திரி, என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, என் விரலுக்கடியில் அந்த அதிர்வு நின்றது.

அடக்கம் முடிந்தது. திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து விளக்கைப் போட்டுவிட்டேன். பிறகுதான் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அன்றைக்குப் பானையை யாரோ நன்றாக ஆட்டிவிட்டதுபோல் எல்லாம் கலங்கிப்போனது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. 'நீர்' என்று பேசியவள் 'அவர்' என்றுகூடப் பேச முடியாமல் இருந்தேன். சங்கீதங்களில் 88ஆவது சங்கீதம் கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. விடியல் இல்லாத அந்த ஜெபத்தையும் வேதத்தில் எடுத்துவிடாமல் வைத்திருக்கிறார்களே என்பதுதான் அந்த வாரங்களில் எனக்கு இருந்த ஒரே பிடி.

ஐயரம்மா ஒருநாள் வந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வோம். வசனம் எதுவும் சொல்லவில்லை. முறத்தில் இருந்த முருங்கைக்கீரையை என்னோடு உட்கார்ந்து உருவினார். ஒரு மணி நேரம் கழித்து, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என்னால் பாட முடியவில்லை. பக்கத்தில் நின்றவர் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்காமல் நின்றேன். சபை பாடி முடித்தது.

வேதத்தில் மோசேயின் கைகளைப் பற்றி ஒரு சம்பவம் இருக்கிறது. யுத்தம் முடியும்வரை அவர் கைகளை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். கை சோர்ந்து விழுந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் நின்று தாங்கிப் பிடித்தார்கள். சூரியன் மறையும்வரை கைகள் அசையாமல் நின்றன. 'அசையாமல்' என்ற அந்த இடத்தில் எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் எமுனா. கடவுள் உண்மையுள்ளவர் என்று எங்கள் வேதாகமம் சொல்லும் இடங்களிலும் அதே எமுனா வருகிறது. பொய்க்கு எதிரான உண்மை என்பதோடு, தளர்ந்துபோகாமல் நிற்பது என்பதும் அந்தச் சொல்லில் அடக்கம். ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் நாங்கள் சொல்லும் ஆமென் அதே வேரில் பிறந்தது.

எருசலேம் எரிந்து, பட்டினியில் குழந்தைகள் செத்த காலத்தில் பாடப்பட்டது புலம்பல் புத்தகம். மொத்தம் 5 அதிகாரம். அதன் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில், கடவுளின் இரக்கம் காலைதோறும் புதியது, அவர் உண்மை பெரியது என்ற வார்த்தை வருகிறது. அதற்கு முன்னும் அழுகை, பின்னும் அழுகை. புது வருஷ வாழ்த்து அட்டைகளில் அந்த வசனத்தைப் பூ, சூரியோதயப் படங்களோடு அச்சடிப்பார்கள். சாம்பல் மேட்டில் உட்கார்ந்து ஒருவர் சொன்னது அது. என் கை விழுந்துவிட்டது. கடவுளின் கை விழவில்லை. இரண்டு பக்கத்திலும் வந்து நின்றவர்களின் கையை அவர் தன் கையாக வைத்துக்கொண்டார் என்று நான் நம்புகிறேன்.

ஐந்தாவது வார்த்தை

அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்குப் போனேன். பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை, சிலுவையில் இயேசு பேசிய 7 வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிப்போம். நல்ல வெயில். மேலே ஃபேன் சுற்றியும் சேலை முதுகில் ஒட்டியது. நான்காவது வார்த்தை, கடவுளே ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கதறல். 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துக் கதறுகிறார். மேலப்பாளையத்து அம்மா கேட்ட அதே 'ஏன்'. அந்தக் கேள்விக்கு அங்கேயும் பதில் வரவில்லை.

ஐந்தாவது, தாகமாயிருக்கிறேன் என்பது.

எத்தனையோ வருஷம் கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பாட்டில் ஞாபகம் வந்தது. மூன்று மணிக்கே காலியான பாட்டில். ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்ட முகம். கடவுள் அந்தக் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் 4 வருஷமும் நினைத்திருந்தேன். அவர் கட்டிலிலும் இருந்தார். வறண்ட நாக்கு எப்படி இருக்கும் என்று தன் உடம்பில் தெரிந்தவர் என் கணவரோடு இருந்தார். நான் ஒளிந்து நின்று தண்ணீர் குடித்த அடுக்களையிலும் இருந்தார். கோயில் என்று பாராமல் அழுதேன். என் கணவர் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து அவருடைய டம்ளரை எடுத்தேன். அவர் போய் ஆறு மாதம் ஆகியும் ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடிக்க எனக்கு மனசு வந்ததில்லை. இரண்டு மடக்கோடு வைத்துவிடுவேன். அன்றைக்கு டம்ளரை நிரப்பி, கொல்லையில் கறிவேப்பிலைச் செடி பக்கத்தில் நின்று முழுசாகக் குடித்தேன். செடி என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது.

இப்போது புதன்கிழமைகளில் ஆட்டோவைக் கூப்பிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மேலப்பாளையத்து அம்மா கீழே போய் இட்லி சாப்பிட்டு, மருந்துச் சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கி வர முக்கால் மணி நேரம் ஆகும். 'ஏன்' என்ற அவருடைய கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்பேன். பையன் கண்ணை மூடியிருப்பான். இயந்திரத்தின் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். நான் போர்வையை இழுத்து விடுவதில்லை, பேப்பர் வாசிப்பதில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.